பிஎஸ்2 கேம் பாதியில் நின்றுபோனால்…

தம்பி, பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் கேம் திடீரென்று மூடிக்கொண்டால், உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யாதே. எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பார். ஒவ்வொரு தடவையும் அதே கதவைத் திறக்கும்போதுதான் நிற்கிறதா? எனக்கு முதல் சந்தேகம் ஐஎஸ்ஓ ஃபைல் மேல்தான். டிஸ்க்கில் கீறல் இருந்து, காப்பி எடுக்கும்போதே கெட்டிருக்கலாம். கேம் பெயரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸுக்குள் போ. அங்கே இருக்கும் 'வெரிஃபை' பட்டனே ஃபைல் சரியா என்று சொல்லிவிடும். சரியில்லையென்றால் டிஸ்க்கை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி காப்பி எடு. செட்டிங்ஸைத் தொட வேண்டியதே இல்லை.

ஒருநாள் ஐந்து நிமிஷம், இன்னொரு நாள் ஒரு மணி நேரம் என்று கண்ட இடத்தில் நின்றால் கதை வேறு. ஆடும்போதே எஃப்9 அழுத்து. படம் வரையும் வேலை கிராபிக்ஸ் கார்டிலிருந்து ப்ராசஸருக்குப் போய்விடும். வேகம் குறையும், படம் கட்டம் கட்டமாகத் தெரியும், பரவாயில்லை. நிற்காமல் ஓடினால் கோளாறு கிராபிக்ஸ் பக்கம்தான். டிரைவரை அப்டேட் செய். வல்கனில் இருந்தால் டைரக்ட்3டி 11-க்கு மாற்று. ரெசல்யூஷனை நேட்டிவுக்கு இறக்கு. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது. எஃப்9 போட்டும் நிற்கிறதென்றால் லேப்டாப் சூடாகிறதா, ஓவர்கிளாக் போட்டிருக்கிறாயா என்று பார்.

'ப்ளகினை மாற்று' என்று சொல்லும் பழைய வீடியோக்களை விட்டுவிடு. 2024-ல் வந்த பிசிஎஸ்எக்ஸ்2-வின் 2.0 வெர்ஷனில் ப்ளகினே கிடையாது.

எனக்குக் கவலையெல்லாம் உன் சேவ் பற்றித்தான். எஃப்1 அழுத்தி எடுக்கிறாயே, அந்த சேவ் ஸ்டேட், அந்த நொடியில் பிஎஸ்2-வின் 32 எம்பி மெமரியில் இருந்ததை அப்படியே எடுத்து வைக்கும், கோளாறு இருந்தால் அதையும் சேர்த்து. அதனால்தான் எஃப்3 போட்டுத் திரும்பி வந்தாலும் சில சமயம் அதே இடத்தில் நிற்கிறது. எமுலேட்டரை அப்டேட் செய்தால் பழைய ஸ்டேட் திறக்காமலே போகலாம். கேமுக்குள் இருக்கும் சேவ் பாயின்ட்டில், மெமரி கார்டில் சேவ் செய்து பழகு. எட்டு எம்பி ஃபைல்தானே, மெம்கார்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பென்டிரைவுக்கு ஒரு காப்பி போட்டுவை. எதை மாற்றிப் பார்த்தாலும் கேமை முதலிலிருந்து ஆன் செய்து, மெமரி கார்டிலிருந்து லோட் செய்தே சோதித்துப் பார்.

அப்படியும் நின்றால் லாக்ஸ் ஃபோல்டரில் எமுலாக் என்று ஒரு ஃபைல் இருக்கும். மறுபடி திறப்பதற்கு முன் அதை எடுத்து எனக்கு அனுப்பு, கடைசி வரிகளைச் சேர்ந்தே பார்ப்போம்.