கராத்தே கற்றால் கூச்சம் போகுமா?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். எதைச் சொன்னாலும், "எனக்கு வராதும்மா" என்பான். கராத்தேயில் சேர்த்தால் தைரியம் வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். முரடனாகிவிடுவான் என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டுமே நடக்கக்கூடியதுதான் அம்மா. எல்லாம் சொல்லித்தரும் விதத்தில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ட்ரல்சன், தவறான வழியில் போன 13 முதல் 17 வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குழுவுக்குத் தியானமும் ஒழுக்க நெறியும் சேர்ந்த டேக்வாண்டோ என்ற தற்காப்புக் கலை. இன்னொன்றுக்குச் சண்டைப் பயிற்சி மட்டும். மூன்றாவதற்கு ஓட்டமும் கூடைப்பந்தும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் மூர்க்கம் குறைந்து சுயமதிப்பு கூடியது. இரண்டாவதில் மூர்க்கம் ஏறியது. 1986-ல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது.

'எனக்கு வராது' என்பவனை அறிவுரை மாற்றாது. தானே செய்து முடித்த அனுபவம்தான் நம்பிக்கைக்கு வலுவான ஊற்று என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. கராத்தே என்றில்லை, சிலம்ப வகுப்பிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். புதிதாக வந்த பிள்ளைக்குக் கம்பு முழங்காலில் இடிக்கும், கை நழுவி விழும். காலடி பிடிபட்டதும் சுற்று தடையில்லாமல் வரும். அதை யாராவது பாராட்டித்தான் அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஆனால், படிப்பு, நட்பு, தோற்றம், விளையாட்டு என ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் தங்களைத் தனித்தனியாகவே எடைபோடுகிறார்கள். கம்பு சுற்ற வந்ததும் மேடைப்பேச்சும் வந்துவிடாது. அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். தப்பு செய்கிற பிள்ளையை மாஸ்டர் கேலி செய்கிறாரா, திருத்துகிறாரா? மோதலில் ஒருவன் திணறினால் உடனே நிறுத்துகிறாரா? பெல்ட் டெஸ்டில், "இன்னும் பழகிவிட்டு வா" என்று யாரையாவது திருப்பி அனுப்புவதுண்டா? பணம் கட்டியவர்களுக்கெல்லாம் பெல்ட் என்றால் அந்த இடம் வேண்டாம்.

பள்ளியில் யாராவது அவனை மிரட்டுகிறார்களா என்றும் விசாரியுங்கள். அப்படியிருந்தால் முதலில் பேச வேண்டியது வகுப்பாசிரியரிடம். பையனையும் பயிற்சி நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். "சேரட்டுமா?" என்று அவன் வாயால் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.