சைலண்ட் செயினுக்குத் தொய்வு வேண்டும்

சைலண்ட் செயினில் சத்தம் கேட்டதும் மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கிவிடுவது நம் ஆலைகளில் ஊறிப்போன பழக்கம். பராமரிப்பு வேலையில் நான் பார்த்தவரை, இந்தச் செயின்கள் காலத்துக்கு முன்பே போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. செயின் போன பிறகு பழி ஒன்று செயின் செய்த கம்பெனி மேல் விழும், இல்லாவிட்டால் மாட்டிய ஃபிட்டர் மேல் விழும். “கொஞ்சம் இழுத்து வைப்பா” என்று மெஷின் பக்கத்தில் நின்று சொன்னவர் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. இந்தப் பழக்கம் வி-பெல்ட்டிலிருந்து வந்தது. பெல்ட் உராய்வால் இழுப்பது. முன்கூட்டியே இழுத்துக் கட்டாவிட்டால் வழுக்கும். அதனால் பெல்ட்டில் கை பழகியவர்களுக்கு இறுக்கம் என்றாலே பத்திரம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. சைலண்ட் செயினில் அடுக்கடுக்கான பிளேட்டுகளின் பற்கள் ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் உட்கார்ந்து இழுக்கின்றன. 1895-ல் ஹான்ஸ் ரெனால்ட் இங்கிலாந்தில் உருவாக்கிய செயினிலும் அப்படித்தான், இன்று நீங்கள் வாங்கும் செயினிலும் அப்படித்தான். பல்லால் இழுக்கிற பொருள் வழுக்க இடமில்லை. ஆகவே நாம் கூடுதலாக ஏற்றும் இறுக்கம் ஒரு வேலையும் செய்யாமல் செயினையும் பேரிங்கையும் தின்கிறது.

உங்களிடம் இருக்கும் அமைப்பும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஸ்லைடு ரயிலில் உட்கார்ந்த 15 கிலோவாட் மோட்டார், 1440 சுற்று, 23 பல் ஸ்ப்ராக்கெட், அரை அங்குல பிட்ச், இரண்டு ஷாஃப்டுக்கும் இடையில் ஒரு மீட்டர், எல்லாவற்றையும் மூடிய ஆயில் கேஸ். இந்த வேகத்தில் செயின் நொடிக்கு 7 மீட்டர் ஓடும். மோட்டார் முழுச் சுமையில் இழுக்கும் விசை சுமார் 220 கிலோ. கிடைமட்டமாக ஓடும் டிரைவுக்குத் தொய்வு மைய தூரத்தில் சுமார் 2 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு, அதாவது இங்கே 20 மி.மீ. மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள செயின் 20 மி.மீ தொங்கினால், அதன் எடையால் அதற்குள் உண்டாகும் இழுவிசை 31 கிலோதான். அதையே 5 மி.மீ தொய்வாக இழுத்து வைத்தால் 125 கிலோ ஆகிறது. விரலால் தட்டினால் கம்பி மாதிரி நிற்கும்படி 2 மி.மீ-க்குக் கொண்டுபோனால் 310 கிலோவைத் தாண்டுகிறது. மோட்டார் இன்னும் ஓட ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள் முழுச் சுமையைவிட அதிக விசை செயினில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் அதே விசை என்பதால் பேரிங்குக்கு அது இரட்டிப்பு. 20 மி.மீ தொய்வு முழுவதும் மறைய மோட்டாரை எவ்வளவு தள்ள வேண்டும் தெரியுமா? கணக்குப் போட்டால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஜாக் போல்ட்டில் ஒரு சுற்றுகூடத் தேவையில்லை. கண் மதிப்பிலும் கை மதிப்பிலும் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சேதம் நடக்கும் இடம் பின்னும் பிளேட்டும் சேரும் மூட்டு. ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை மடங்குகிறது: ஒவ்வொரு ஸ்ப்ராக்கெட்டிலும் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. நான் சொன்ன அமைப்பில் செயின் நிமிடத்துக்கு 160 தடவை போல முழுச் சுற்று வரும். சரியான தொய்வு இருந்தால், நான்கில் இரண்டு மடக்குகள் தளர்ந்த பக்கத்தில், ஏறக்குறையச் சுமையே இல்லாமல் நடக்கும். மூட்டுக்குள் ஆயில் நுழைவது அப்போதுதான். பம்ப் வைத்த டிரைவுகளில் ஆயிலைத் தளர்ந்த பக்கத்தின் உட்புறம் விடச் சொல்வதும் இதற்காகவே. இறுக்கிய செயினில் தளர்ந்த பக்கம் என்று ஒன்று இல்லை. ஆயில் கேஸ் நிறைய இருந்தும் பின் வறண்டு தேய்கிறது. மூடியைத் திறந்து பாருங்கள்: பிளேட் இடுக்குகளில் செம்பழுப்பாகத் துரு கசிந்திருக்கும். அந்தப் பின்னை உருவினால் ஒரு பக்கம் மட்டும் மங்கிய பழுப்பாகத் தேய்ந்திருக்கும், மறுபக்கம் புதிதாகவே இருக்கும். செயின் ‘நீண்டுவிட்டது’ என்று நாம் சொல்வது இந்தத் தேய்மானத்தையே, இரும்பு நீளவில்லை. பின் தேயத் தேய பிட்ச் கூடி, செயின் பல்லின் உச்சியை நோக்கி ஏறும். சத்தம் மறுபடி வரும். உடனே மறுபடி இறுக்குவார்கள்.

தொய்வு விட்டால் செயின் பல் தாண்டிக் குதிக்கும் என்பதுதான் சூப்பர்வைசர்கள் எப்போதும் எடுக்கும் வாதம். அதை நான் ஒதுக்கவில்லை. அளவுக்கு மீறித் தளர்ந்த செயின் ஓட்டத்தில் அடித்துக்கொள்ளும், கேஸில் உரசும், குதிக்கவும் செய்யும். ஆனால் 20 மி.மீ தொய்வோடு ஓடும் நல்ல செயின் குதிப்பதில்லை. குதிக்கும் செயினை அளந்து பாருங்கள். 24 பிட்ச் புதிதில் 304.8 மி.மீ, அது 313, 314 என்று காட்டினால் 3 சதவீதம் போய்விட்டது, இறுக்கி ஒரு பயனும் இல்லை. பெரிய ஸ்ப்ராக்கெட்டில் பல் கூடுதலாக இருந்தால் இன்னும் முன்பே மாற்ற வேண்டியிருக்கும். ஸ்லைடு ரயிலில் இடம் தீர்ந்ததும் லிங்கைக் கழற்றிக் குறைத்து மாட்டுவது செத்த செயினுக்கு மருந்து கொடுக்கிற வேலை. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டச் சொல்லும் பர்ச்சேஸ் பிரிவுக்கும் இதையே சொல்கிறேன்: மிச்சம் பிடித்த ஸ்ப்ராக்கெட் விலையைப் புதுச் செயின் சீக்கிரமே விழுங்கிவிடும்.

நியாயமான எதிர்வாதமும் ஒன்று உண்டு. செங்குத்தாக ஓடும் டிரைவில் தொய்வு முழுவதும் கீழே இறங்கி, அடி ஸ்ப்ராக்கெட்டை விட்டுச் செயின் விலகும். அடிக்கடி திசை மாறும் டிரைவிலும், குலுக்கலான சுமை உள்ளதிலும் தளர்ந்த பக்கம் சடக்கென்று இழுபடும். அங்கெல்லாம் தொய்வைப் பாதியாக, 1 சதவீதமாக வைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதுவும் ஸ்கேலால் அளந்து வைக்கும் 10 மி.மீ, கம்பி மாதிரி இழுப்பது ஆகாது. அளக்க நேரமில்லை, புரொடக்‌ஷன் நிற்கும் என்பார்கள். பேரிங் பிடித்து மெஷின் நிற்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இந்த அளவு எடுக்கும் நேரம் ஒன்றுமே இல்லை.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெயினை நிறுத்திப் பூட்டுப் போடுங்கள். ஷாஃப்ட் இரண்டும் இணையாக இருக்கின்றனவா, ஸ்ப்ராக்கெட் முகங்கள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பாருங்கள். கைடு பிளேட் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. ஒரு பக்கத்தை முழுக்க இழுத்து, தொய்வு எல்லாவற்றையும் மறுபக்கம் சேர்த்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜிலிருந்து நடுவில் அளங்கள். பலரும் தவறவிடும் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். ஸ்ப்ராக்கெட்டில் கால் மில்லிமீட்டர் மையம் விலகியிருந்தாலே தொய்வு சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கும். கையால் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில்தான் அளவை வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் வைத்தால் இறுகும் இடத்தில் செயின் துடிக்கும். புதுச் செயின் முதல் 100 மணி நேர ஓட்டத்துக்குள் சற்றுத் தளரும். அப்போது ஒரு முறை சரிசெய்தால் பிறகு நெடுநாள் தொட வேண்டியிருக்காது. ஆயில் மட்டம் கீழ்ப் பக்கச் செயின் நனையும் அளவுக்கு இருந்தால் போதும், அதற்கு மேல் ஊற்றினால் கலங்கிச் சூடாகும்.

சத்தம் வந்தால் முதலில் ஆயிலைப் பாருங்கள், அடுத்து அலைன்மென்ட், அதன்பின் செயின் நீளம். இவை மூன்றும் சரியென்றால் மட்டும் மோட்டார் போல்ட்டில் கை வையுங்கள். மைய தூரம், வைக்க வேண்டிய தொய்வு, கடைசியாக அளந்த தேதி ஆகிய மூன்றையும் கேஸ் மூடியில் பெயிண்டால் எழுதி வையுங்கள். நைட் ஷிஃப்டில் யார் வந்து இறுக்கச் சொன்னாலும் அந்த எண்ணைக் காட்டுங்கள்.