சோலைவரியில் பெயர் இருந்தால் வீடு சொந்தமா?

வெள்ளவத்தையில் ஒரு வீடு விலைக்கு வந்தால் மேசைக்கு முதலில் வருவது மாநகரசபையின் சோலைவரித் துண்டுதான். "பேர் மாத்தியாச்சு, இனி என்ன பாக்கிறது?" என்பார் தரகர். மாநகரசபை பெயர் எழுதி வைப்பது யாரிடம் வரி அறவிடுவது என்பதற்காக. காணி யாருடையது என்று தீர்ப்பது அதன் வேலையல்ல. காலமான பாட்டனாரின் பெயருக்கே இன்றும் துண்டு வரும் வீடுகள் கொழும்பில் எத்தனையோ. ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும். உரிமை கிடைக்காது.

அதற்காகத் துண்டை வீசிவிடவும் வேண்டாம். வரி இலக்கங்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன, வீதிப் பெயர்களும் அப்படியே. இன்றைய டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை பழைய உறுதிகளில் ஹை ஸ்ட்ரீட். முன்னைய இலக்கத்தையும் இப்போதைய இலக்கத்தையும் பொருத்திப் பார்க்கத் துண்டு உதவும்.

"காணிக் கந்தோர்ப் புத்தகத்தைச் சட்டத்தரணிதான் பார்க்கலாம்" என்பது அடுத்த கதை. காணிப் பதிவகத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் யாரும் தேடலாம், பிரதியும் எடுக்கலாம். பதிவான உறுதியில் பிரிவு, தொகுதி, பக்கம் குறித்திருக்கும், அதுதான் திறவுகோல். அந்தப் பக்கம் ஆளுக்கல்ல, காணிக்கு உரியது. விற்பனை, நன்கொடை, ஈடு, குத்தகை என்று பதிவானவை வரிசையாக அதில் இருக்கும். பக்கம் நிரம்பினால் எந்தப் பக்கத்துக்குப் போனது என்ற குறிப்பும் இருக்கும். வழமையாக 30 வருடம் பின்னோக்கித் தேடுவார்கள். நீங்களே பிரதி எடுக்கலாம், வாசித்துப் பொருள் சொல்ல மட்டும் அனுபவமுள்ள ஒருவரைப் பிடியுங்கள்.

மிகவும் ஆபத்தான நம்பிக்கை இதுதான்: "பதிஞ்சாச்சு, இனிப் பயமில்லை." 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஒரே காணியை ஒருவர் இருவருக்கு எழுதிக்கொடுத்தால், பணம் கொடுத்துச் சூதின்றி வாங்கி முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை, அவ்வளவுதான். உறுதியில் உள்ள குறையைப் பதிவு குணமாக்காது என்று 7ஆம் பிரிவே சொல்கிறது. விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. கள்ள உறுதியும் பதிவாகும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. புதிய வரைபடம் கீறி, எல்லைகளை வேறுவிதமாக எழுதி, அதே காணிக்குப் புதுப் பக்கம் திறந்துவிட்டால், அந்தப் பக்கத்தில் வில்லங்கம் எதுவும் தெரியாது. ஈடும் வழக்கும் பழைய பக்கத்தில் கிடக்கும். கொட்டாஞ்சேனையில் பேர்ச் கணக்கில் பிரிந்த துண்டு வாங்குபவர்கள் தாய்க்காணியின் பக்கத்தையும் எடுத்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது என்பேன். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான 'பிம் சவிய' உரிமைச் சான்றிதழ் வேறு வகை. அது உரிமையையே பதிகிறது. ஆனால் அறிவிக்கப்பட்டு அளந்து முடித்த இடங்களுக்குத்தான் அது பொருந்தும்.

பக்கத்தில் ஏறாதவையும் இருக்கின்றன. சொந்தக்காரர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் பிள்ளைகளின் பங்கு உறுதி எதுவும் இல்லாமலே பிறக்கும், புத்தகம் பேசாது. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டத்துக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காணி யாழ்ப்பாணத்தில் இல்லை, வெள்ளவத்தையில்தானே என்று தப்ப முடியாது. அது ஆளைத் தொடரும் சட்டம்.

தொடர்மாடி வாங்குபவர்கள் சாவியையும் பற்றுச்சீட்டையும் கண்டே திருப்திப்படுகிறார்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி கட்டடத்தின் கூட்டாதன வரைபடம் பதிவாகியிருந்தால்தான் உங்கள் மாடிமனை தனியான ஆதனமாகும். வரைபட இலக்கத்தைக் கேளுங்கள். "அது வந்துகொண்டிருக்கு" என்பது பதிலல்ல.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது: உறுதி எரிந்தால் காணியும் போச்சு. போகாது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போய்விடும், மூலவரைவு அவரிடம் இருக்கும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். மூன்றும் மறந்துபோயிருந்தால் காணியின் பக்கத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் நேரே அவை குறித்திருக்கும்.