கூவத்துக்கு வடக்கே ம.பொ.சி.

கேள்வி: ஐயா, என் தாத்தா துறைமுகத் தொழிலாளி. ம.பொ.சி. இல்லாவிட்டால் ராயபுரம் இன்று ஆந்திராவில் இருந்திருக்கும் என்பார். உண்மையா? போலந்தின் ரோமன் டிமோவ்ஸ்கியோடு அவரை ஒப்பிடலாமா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: உங்கள் தாத்தா சொன்னதில் பெரும்பகுதி உண்மை. தனி ஆந்திரம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட பிறகு ஆந்திர மாநிலம் உறுதியானது. ஆந்திரத் தலைவர்கள் சென்னையைத் தலைநகராகக் கேட்டார்கள். கூவத்துக்கு வடக்கையாவது கொடுங்கள் என்றும் கேட்டார்கள். துறைமுகம், உயர் நீதிமன்றம், கோட்டை, சென்ட்ரல், மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை எல்லாமே கூவத்துக்கு வடக்கேதான்! அதே ரிப்பன் மாளிகையில் மேயர் செங்கல்வராயன் தலைமையில் மன்றம் எதிர்ப்புத் தெரிவித்தது. உறுப்பினரான ம.பொ.சி. உள்ளேயும் வெளியேயும் ஓயாமல் போராடினார். முதல்வர் ராஜாஜியும் உறுதியாக நின்றார். ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று 1953 மார்ச் 25 அன்று நேரு அறிவித்தார். ஆகவே வெற்றி ஒருவருடையது அல்ல. ஆனால் தெருத்தெருவாகப் போய் மக்களைத் திரட்டியவர் ம.பொ.சி.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். 'தமிழ்நாடு' பத்திரிகையில் அச்சுக்கோத்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய அந்தக் கைதான் பின்னாளில் வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியது. 1966-இல் வள்ளலார் பற்றிய நூலுக்காக சாகித்ய அகாதமி விருதும் பெற்றது. அந்த வள்ளலார் இளமையில் நாள்தோறும் தொழப் போன கோயில் உங்கள் பக்கத்துத் திருவொற்றியூரில்தான் இருக்கிறது.

டிமோவ்ஸ்கியும் எழுத்தாளர், எல்லைக்காக வாதாடியவர். 1919 வெர்சாய் ஒப்பந்தத்தில் போலந்துக்காகக் கையெழுத்திட்டவர். ஒப்புமை அத்தோடு சரி. போலந்து யூதர்களை அந்நியராகவே பார்த்தார் அவர். அந்த வெறுப்பு அவருடைய அரசியலின் அடித்தளம். ம.பொ.சி. கேட்டது எல்லைக்கோட்டை மட்டுமே. தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரை வெளியேறச் சொல்லவில்லை. இன்னொன்றையும் பாருங்கள்: தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கட்டபொம்மனைத் தமிழகத்தின் விடுதலை வீரனாக எழுதி நிலைநாட்டியவரும் இவரே. அதற்காகக் கடும் எதிர்ப்பு வந்தபோதும் பின்வாங்கவில்லை. என் கணிப்பில் சென்னை மீட்பைவிட இதுவே அவருடைய பெரிய துணிச்சல்.

அவருடைய தன்வரலாறான 'எனது போராட்டம்' நூலைத் தேடிப் படியுங்கள். தாத்தா இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.