கண்புரைச் சத்திரசிகிச்சையும் பயம் தணிக்கும் குளிசையும்

"கண்ணிலே கத்தி வைக்க விடமாட்டேன்" என்று சொல்லி, கண்புரையோடு தடுமாறும் பெரியவர்கள் எம்மிடையே உள்ளனர். ஷெல் சத்தத்திற்குப் பதுங்குகுழிக்குள் கிடந்தவர்களுக்கு, முகத்தைத் துணியால் மூடுவார்கள் என்றாலே நெஞ்சு படபடக்கிறது. இது கோழைத்தனம் அல்ல. பயத்தைத் தணிக்க வழிகள் உண்டு. அவற்றை இப்பாடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நித்திரை ஏன் வேண்டாம்?

இச்சிகிச்சை பெரும்பாலும் அரை மணித்தியாலத்துள் முடிந்துவிடும். கண்ணைத் துளிமருந்தால் அல்லது ஊசியால் விறைக்கச் செய்வர். நோயாளி அசையாது படுத்து, வைத்தியர் சொல்லும் பக்கம் பார்க்க வேண்டும். அயர்ந்து தூங்கியவர் திடுக்கிட்டு விழித்துத் தலையை அசைத்தால் கண்ணுக்கு ஆபத்து. ஆகவே தேவை நித்திரை அன்று, அமைதி.

குளிசைகளின் ஒப்பீடு

1. டயசிபாம்: 'வேலியம்' என்று பலர் அறிந்தது. பதற்றத்தை நன்கு தணிக்கும். ஆனால் உட்கொண்டதில் பாதி உடலை விட்டு நீங்க 20 முதல் 50 மணித்தியாலம் செல்லும். முதியோரில் இன்னும் நீளும். மறுநாளும் தள்ளாட்டம் இருக்கலாம்.

2. லொராசிபாம்: பாதி நீங்க 10 முதல் 20 மணித்தியாலம். நடந்தவை நினைவில் நில்லாமற் போகலாம். சிகிச்சையின் பின் சொல்லப்படும் அறிவுரைகளும் மறந்துபோகும்.

3. ட்ரையசோலாம்: சில மணித்தியாலத்தில் நீங்கிவிடும். அமெரிக்காவில் 2019 இல் வெளியான ஆய்வொன்றில், இக்குளிசையை எடுத்தவர்கள் நரம்பு வழியாக மிடசோலாம் பெற்றவர்களுக்குக் குறையாத திருப்தி அடைந்தனர். எனினும் மனக்குழப்பம், மறதி போன்ற பக்கவிளைவுகள் காரணமாக 1991 இல் பிரித்தானியா இதன் விற்பனையை நிறுத்தியது.

4. மெலற்றோனின்: உடலே சுரக்கும் நித்திரைச் சுரப்பு. சத்திரசிகிச்சைக்கு முந்திய பதற்றத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தள்ளாட்டம் குறைவு.

நரம்பு வழி மருந்து உடனே வேலை செய்யும். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். குளிசைக்கு ஊசி வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் அது வேலை செய்ய அரை முதல் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். விழுங்கியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. எனவே எதை, எவ்வளவு, எப்போது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

பலருக்குக் குளிசையே தேவைப்படுவதில்லை. நடக்கப்போவதை முன்கூட்டியே விளக்குவதும், ஒருவர் கையைப் பிடித்திருப்பதும் பயத்தைக் குறைக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

• மூச்சிழுப்பு, பெருங்குறட்டை, முன்னர் விழுந்த சம்பவம் ஆகியவற்றை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.
• எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் கொண்டுசென்று காட்டுங்கள். சலத் தடைக்கு எடுக்கும் குளிசையை மறைக்க வேண்டாம். சில வகை கண்மணியைத் தளரச் செய்யும்.
• அயலவரின் நித்திரைக் குளிசையை வாங்கி விழுங்காதீர்கள். சாராயம், கள்ளு கூடவே கூடாது, மூச்சு மந்தமாகலாம்.
• "முகத்தை மூடினால் எனக்குப் பயம்" என்று வெட்கப்படாமல் கூறுங்கள்.
• வீடு திரும்பத் துணை தேவை. அன்றிரவு மலசலகூடத்திற்கோ கிணற்றடிக்கோ தனியே விடவேண்டாம். வைத்தியர் சொல்லும்வரை சைக்கிள், உழவு இயந்திரம் ஓட்டவேண்டாம்.

கலந்துரையாட

உங்கள் அயலில் பயத்தினால் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர் யார்? அவருடன் துணைக்குச் செல்லக்கூடியவர் யார்?