ஆய்வு சொன்னதும் ஊர் சொல்வதும்

“ஆய்விலேயே நிரூபிச்சிருக்காங்க” என்று ஒருவர் சொல்லிவிட்டால், பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. பள்ளி ஆண்டுவிழா மேடையிலும் தன்னம்பிக்கை வகுப்பிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இந்த ஒரு வரிக்கு இருக்கும் மரியாதை வேறெதற்கும் இல்லை. அப்படிச் சொல்லப்படுபவற்றின் வேரைத் தேடிப் போனால், பெரும்பாலும் அங்கே ஓர் ஆய்வு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சொன்னது வேறு. யாரை வைத்து, எந்த நிலையில், எதை அளந்தார்கள் என்ற வரம்புகளெல்லாம் வழியில் உதிர்ந்துவிட, முடிவு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உதிர்ந்துபோன அந்த வரம்புகளைத் திரும்பச் சேர்த்துப் பார்ப்போம்.

1
நம்பிக்கை: இனிப்பு நாக்கின் நுனியில் தெரியும், கசப்பு அடிநாக்கில் தெரியும், உப்பும் புளிப்பும் ஓரங்களில் தெரியும்.

உண்மை: நாக்கில் சுவைமொட்டுகள் இருக்கும் இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நாக்கின் ஓரத்தில் இடத்துக்கு இடம் சுவை உணரும் திறன் சற்றே கூடிக் குறைகிறது என்று அளந்து எழுதினார். ஓரிடத்தில் ஒரு சுவைதான் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. 1942இல் ஹார்வர்டு உளவியலாளர் எட்வின் போரிங் தம் நூலில் அந்த அளவுகளை வரைபடமாக்கியபோது, குறைந்த திறன் என்பது திறனே இல்லை என்பதுபோலத் தோற்றம் கொடுத்தது. அந்தத் தோற்றமே நாக்கு வரைபடமாகிப் பாடப்புத்தகங்களில் ஏறியது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து, வேறுபாடு உண்டு, ஆனால் மிகச் சிறிது என்று காட்டினார். பஞ்சை உப்புநீரில் நனைத்து நுனிநாக்கில் வைத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இதைக் கண்டுகொள்ளும்.

நம் அறுசுவையில் கார்ப்பு சுவைமொட்டுகளின் வேலையே அல்ல. மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டையும் வலியையும் உணர்த்தும் நரம்பைத் தூண்டுகிறது. அந்த உணர்வியை 1997இல் கண்டறிந்த ஆய்வுக்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதனால் அறுசுவை பொய்யாகிவிடாது. அது உண்பவரின் அனுபவத்தைப் பிரித்த வகைமை, உடலியலோ உணர்விகளைப் பிரிக்கிறது.

2
நம்பிக்கை: மோட்சார்ட் இசையைக் கேட்கும் குழந்தைக்கு, வயிற்றில் இருக்கும்போதே கேட்டாலும்கூட, அறிவுத்திறன் கூடும்.

உண்மை: மூல ஆய்வில் ஒரு குழந்தைகூடக் கிடையாது. 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரைக்காகக் கலிஃபோர்னியாவின் இர்வைன் வளாகத்தில் சோதிக்கப்பட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைக் கேட்டபின், இடவுணர்வு சார்ந்த கணக்குகளை அவர்கள் சற்று நன்றாகச் செய்தார்கள். காகிதத்தை மடித்து வெட்டினால் விரிக்கும்போது எப்படி இருக்கும் என்பது போன்ற கணக்குகள் அவை. அந்த உயர்வும் 10, 15 நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை. பிரான்சஸ் ராஷரும் உடன் ஆய்ந்தவர்களும் கட்டுரையிலேயே இதை எழுதியிருந்தார்கள்.

ஆனால் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் கேட்டார். அடுத்த ஆண்டே ‘நேச்சர்’ இதழில், இந்த விளைவு மிகச் சிறிது அல்லது இல்லவே இல்லை என்ற மறுப்புகள் வந்துவிட்டன. கனடாவில் நடந்த ஒரு சோதனை இன்னும் தெளிவாகச் சொன்னது. இசைக்குப் பதில் ஸ்டீபன் கிங்கின் கதையைக் கேட்டு ரசித்தவர்களும் அதேபோல நன்றாகச் செய்தார்கள். பிடித்ததைக் கேட்டால் மனம் விழிப்படைகிறது, விழிப்படைந்த மனம் கொஞ்ச நேரம் நன்றாக வேலை செய்கிறது. அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கு விற்கப்படும் ‘அறிவு வளர்க்கும்’ இசைத் தொகுப்புக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. இளையராஜா பிடிக்குமானால் அவரைக் கேளுங்கள், மகிழ்ச்சிக்காகக் கேளுங்கள்.

3
நம்பிக்கை: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்.

உண்மை: இந்த எண், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூலிலிருந்து வந்தது. அறுவைக்குப் பின் மாறிய முகத்துக்குப் பழகத் தம் நோயாளிகளுக்குக் ‘குறைந்தது’ ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்பது அவர் கவனித்தது. நடைப்பயிற்சியையோ அதிகாலையில் எழுவதையோ அவர் அளக்கவில்லை. ‘குறைந்தது’ என்ற அந்தச் சொல்லும் பிறகு காணாமல் போயிற்று.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தினமும் ஒரு சிறு செயலைச் செய்யவைத்துப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்தார்கள். செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இடைநிலை அளவு 66 நாள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் கண்டார்கள். 22ஆம் நாளும் நடக்கப் போகச் சிரமப்படுகிறவருக்கு மனவுறுதி இல்லை என்று பொருளல்ல. அவருக்குச் சொல்லப்பட்ட கெடு தவறு.

4
நம்பிக்கை: பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான். மீதி 93 சதவீதமும் குரலும் உடல்மொழியும்.

உண்மை: ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் வெளியிட்ட இரு சிறு சோதனைகளைச் சேர்த்துப் பிறந்த கணக்கு இது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்தும் முகபாவனைப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடிக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். உணர்வைப் பற்றிப் பேசும்போது சொல்லும் தொனியும் முரண்பட்டால் நாம் தொனியையே நம்புகிறோம் என்பது அதன் சாரம். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ரேபியனே எழுதியிருக்கிறார். பொருந்துமானால், தெரியாத மொழியில் வாசிக்கப்படும் செய்தி நமக்குப் பெரும்பாலும் புரிந்துவிட வேண்டும். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் கிராமத்துப் பிள்ளைகளிடம் இந்த 93 சதவீதத்தைச் சொல்லி மிரட்டுவது அநியாயம். அவர்கள் கற்ற விஷயத்துக்குத்தான் முதல் மதிப்பு.

5
நம்பிக்கை: இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும், பேச்சு தாமதமாகும். பள்ளிக்காக வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்.

உண்மை: இந்தப் பயத்துக்கு நூறாண்டு வயது. 1923இல் டி. ஜே. சேர் என்பவர் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் சோதித்து, வெல்ஷும் ஆங்கிலமும் பேசும் கிராமத்துப் பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றதாக எழுதினார். நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு இல்லை என்பதும் அதே ஆய்வில் இருந்தது. குடும்ப வசதியும் வளரும் சூழலும் போதிய அளவு கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1962இல் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும், பத்து வயதுப் பிள்ளைகளை வசதியில் ஒத்த குடும்பங்களிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. பல சோதனைகளில் முந்தியிருந்தார்கள்.

இருமொழிக் குழந்தைகளும் முதல் சொல்லை மற்றக் குழந்தைகள் பேசும் பருவத்திலேயே பேசுகிறார்கள். ஒரு மொழியின் சொற்களை மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும், இரண்டையும் சேர்த்து எண்ணினால் குறை தெரிவதில்லை. “எனக்கு மில்க் வேணும்” என்று குழந்தை கேட்பது குழப்பத்தால் அல்ல. கைவசமுள்ள சொல்லைத் தமிழ் வாக்கிய அமைப்புக்குள் அது சரியாகவே வைக்கிறது. உண்மையிலேயே பேச்சு தாமதமானால், மொழியைக் குறை சொல்லிக் காலம் கடத்தாமல் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒரு மிகை உண்டு. இருமொழி பேசுவோருக்குக் கவனமும் கட்டுப்பாடும் கூடுதல் என்ற செய்தி சில காலம் பரவியது. வயது வந்தோரைப் பற்றிய 152 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, வெளியிடப்படாமல் போகும் முடிவுகளுக்காகத் திருத்தம் செய்தபின் அந்த அனுகூலம் தென்படவில்லை என்றது. தமிழ் பேசி வளர்க்க அப்படி ஒரு தூண்டில் தேவையும் இல்லை. பெற்றோர் தமக்கு இயல்பாக வரும் மொழியில் பேசும்போதுதான் குழந்தைக்கு வளமான பேச்சு கிடைக்கிறது. தடுமாறும் ஆங்கிலத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, அந்தப் பேச்சையும் அப்பத்தாவோடு இருக்கும் உறவையும் பறித்துவிடாதீர்கள்.

6
நம்பிக்கை: கணினிக்கு மிகவும் ஏற்ற மொழி சமஸ்கிருதம் என்று நாசா அறிவித்திருக்கிறது.

உண்மை: நாசா அப்படி அறிவிக்கவில்லை. நாசாவின் ஏம்ஸ் மையத்திலிருந்து ரிக் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் 1985இல் ‘ஏஐ மேகசின்’ இதழில் தம் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். வாக்கியத்தின் பொருளை ஐயத்துக்கு இடமின்றிக் கணினிக்குத் தர, பொருள் வலைப்பின்னல்களை அன்று உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். சமஸ்கிருத இலக்கண மரபினர் ஒரு வாக்கியத்தைச் செயல், செய்பவர், கருவி, இடம் என்று பிரித்து விளக்கிய முறை அதற்கு ஒத்திருக்கிறது என்பது அவர் வாதம். நல்ல, கவனிக்கத்தக்க வாதம். ஆனால் சமஸ்கிருதத்தில் நிரல் எழுதலாம் என்றோ மற்ற மொழிகள் தாழ்ந்தவை என்றோ அது சொல்லவில்லை.

இந்த வதந்தியால் உண்மையான பெருமை மறைந்துபோகிறது. பாணினியின் ஏறத்தாழ 4,000 சூத்திரங்கள், மொழியை விதிகளால் உருவாக்கிக் காட்டும் வியப்பான அமைப்பு. நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுதப் பயன்படும் பேக்கஸ் குறிமுறைக்குப் பாணினி பெயரையும் சேர்க்கலாம் என்று 1967இலேயே இங்கர்மன் என்பவர் கணினி இதழொன்றில் முன்மொழிந்தார்.

“தமிழ்தான் கணினிக்கு ஏற்ற மொழி” என்று பதிலுக்கு முழங்குவதும் இதே தவறு. இன்றைய மொழி மாதிரிகள் ஏராளமான எழுத்தைப் படித்துக் கற்பவை. ஒரு மொழி கணினியில் செழிப்பதும் தேய்வதும், அதில் எவ்வளவு நல்ல உரை மின்வடிவில் கிடைக்கிறது, எத்தனை பேர் அதற்காக உழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நூல்களும் அகராதிகளும் பிழைதிருத்திகளும், பெருமைப் பேச்சு அல்ல.

7
நம்பிக்கை: ஆய்வு இன்று ஒன்று சொல்லும், நாளை வேறு சொல்லும். எதையும் நம்ப முடியாது.

உண்மை: 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பெரும் தணிக்கை வெளியானது. உளவியலில் வெளிவந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி விளைவு உண்டு என்றிருந்தன. மறுமுறை செய்தபோது 36 சதவீதத்தில்தான் அது தென்பட்டது. அதிர்ச்சியான முடிவுதான். ஆனால் இந்தக் குறையை வெளியிலிருந்து யாரும் வந்து அம்பலப்படுத்தவில்லை. பிரயன் நோசெக் தலைமையில் உளவியலாளர்களே தம் துறையைச் சோதித்து, வந்ததை அப்படியே அச்சிட்டார்கள். எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவுசெய்வது, மூலத் தரவுகளைப் பொதுவில் வைப்பது போன்ற வழக்கங்கள் அதையொட்டி வலுப்பெற்றன. மேலே பார்த்த திருத்தங்கள் எல்லாம் ஆய்வாளர்கள் செய்தவையே. ஒரு தனி ஆய்வை உடனே நம்பிவிடாமல் இருப்பது நிதானம். பலர் பலமுறை சோதித்து நின்ற முடிவையும், தடுப்பூசி போன்றவற்றையும், அதே தட்டில் வைத்துத் தள்ளிவிடுவது ஆபத்து.

அடுத்த முறை “ஆய்வு சொல்கிறது” என்று யாராவது தொடங்கினால் நான்கு கேள்விகள் கேளுங்கள். யாரை வைத்துச் சோதித்தார்கள்? எத்தனை பேரை? எதை அளந்தார்கள்? வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா? ஆசிரியர்களும் இதழாளர்களும் மேடைப் பேச்சாளர்களும் இந்த நான்கையும் தாங்களே கேட்டுக்கொண்டு பேசத் தொடங்கினால், பெற்றோரின் வீண் பயமும் வீண் செலவும் பாதியாவது குறையும். கேட்பது அவமரியாதை என்று தயங்க வேண்டாம். மெனக்கெட்டு எழுதிய ஆய்வாளருக்கு நாம் தரும் மரியாதை, அவர் சொன்னதை அவர் சொன்ன அளவுக்குள் சொல்வதுதான்.