அடிச்சுவடுகளைப் படித்தல்

ஸபாரி என்பது ஸ்வாஹிலி மொழியில் பிரயாணத்தைக் குறிக்கும் சொல்லாகும். ஆப்பிரிக்காவின் ஸெரங்கெட்டிப் புல்வெளியில் வண்டியிலமர்ந்தவாறே சிங்கம், வரிக்குதிரை, யானை ஆகியவற்றை ஒரே நாளில் கண்டு திரும்புதல் இயலும். நம் காட்டிலும் அவ்வாறே காணலாமென்று மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பெரும்பாலும் ஏமாற்றத்துடன் திரும்புகிறார். விலங்குகள் இல்லாமை இதற்குக் காரணமன்று. பார்க்கும் முறை பொருந்தாமையே காரணம்.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெய்யாறு சரணாலயத்தை எடுத்துக்கொள்வோம். 1958 ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட இது ஏறத்தாழ 128 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியமலையை நோக்கி ஏறிச் செல்வது. யானை, காட்டெருது, மிளா, கரடி, செந்நாய், சிறுத்தை, கருமந்தி முதலியன இங்கு வாழ்கின்றன. ஆப்பிரிக்கக் காட்சியை இங்கேயே காட்டும் நோக்குடன் 1984 இல் நெய்யாற்றில் ஒரு சிங்கப் பூங்காவும் அமைத்தனர். சிங்கங்கள் ஒவ்வொன்றாய் இறந்தபின் அக்காட்சி முடிவுற்றது. அது காட்டைக் காட்டிற்று என்று சொல்வதற்கில்லை.

புல்வெளியில் உணவு தரைமட்டத்தில் விளைகிறது. ஆகவே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் மான் இனத்து விலங்குகள் ஸெரங்கெட்டியில் திரண்டு மேய்கின்றன. அவற்றை மறைக்க மரங்களும் மிகுதியாக இல்லை. பசுமை மாறாக் காட்டிலோ வெயில் தரையை எட்டுவது அரிது. இலையும் கனியும் உச்சிக் கிளைகளிலேயே மிகுதி. தரையில் மேய்வன சிறு கூட்டங்களாகப் பிரிந்து, புதரில் மறைந்து நடக்கின்றன. இத்தகைய காட்டில் விலங்கைக் காண்பதினும் அது விட்டுச் சென்ற அடையாளத்தைக் காண்பதே எளிது.

ஓடைக்கரை ஈரமணலில் சுவடுகள் நன்கு பதியும். வட்டமாய், நகக்குறியின்றி, உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்புகளுடன் காண்பது பூனையினத்தின் சுவடு. சிறுத்தை நடக்கையில் நகங்களை உள்ளே இழுத்துக்கொள்வதால் அவை பதிவதில்லை. செந்நாயின் சுவட்டில் நகமுனைகள் தெளிவாய்த் தெரியும். மிளாவின் குளம்பு குறுகிக் கூர்மையாகவும், காட்டெருதின் குளம்பு அகன்று நாட்டு மாட்டினுடையதைப் போலவும் இருக்கும். யானையின் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இருமடங்காக்கினால் தோள் உயரம் ஏறக்குறையக் கிட்டும். சுற்றளவு 130 செ.மீ. என்றால் யானை சுமார் 260 செ.மீ. உயரமுடையது. கரையான் புற்று தோண்டப்பட்டிருப்பின் கரடியை நினைக்கலாம். இவற்றையெல்லாம் நூல் வழியே கற்பதைவிட, காணிக்காரர் ஒருவருடன் அரைநாள் நடப்பது மேல். யானைச் சாணம் சூடாயிருந்தால் மட்டும் ஆராய்ச்சியை நிறுத்தி, ஓசையின்றி வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

அடையாளத்தைப் படிப்பதில் நேரும் பிழை சிறியதன்று. நம் நாட்டில் நெடுங்காலம் புலிகளைச் சுவடுகொண்டே எண்ணினர். 1972 ஆம் ஆண்டுக் கணக்கு 1,827 என்றது. சுவடு ஈரச்சேற்றில் விரிந்து பெரிதாகும். உலர்மணலில் சரிந்து உருமாறும். ஒரே புலி இருமுறை எண்ணப்படலாம். ராஜஸ்தானத்துச் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் உள்ளனவென்று ஏடுகள் கூறிவந்தன; 2005 இல் அங்கு ஒன்றுகூட எஞ்சவில்லை என்பது உறுதியாயிற்று. அதன் பின்னரே தானியங்கிப் புகைப்படக் கருவிகளைக் கொண்டு வரிகளை ஒப்பிட்டு எண்ணும் முறை நாடெங்கும் கையாளப்பட்டது. யானைச் சாணக் குவியலை எண்ணுவதிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். இருபருவ மழையும் பெறும் நம் மலைகளில் மழைக்காலத்துச் சாணம் விரைவில் சிதைந்துவிடும். சிதையும் வேகத்தை அளவிடாமல் குவியல்களை மட்டும் எண்ணினால், யானைகள் குறைந்துவிட்டன என்ற தவறான முடிவு ஏற்படும்.

ஆகையால் குறிப்பேட்டில் கண்டதை ஒரு பக்கத்திலும், ஊகித்ததை எதிர்ப்பக்கத்திலும் எழுதுதல் நன்று. “சிறுத்தை சென்றது” என்பது ஊகம், “நகக்குறியற்ற வட்டச் சுவடு, அகலம் 7 செ.மீ., ஈரமணல்” என்பதே கண்டது. பிற்காலத்தில் வேறொருவர் சரிபார்க்கக்கூடியது இந்த இரண்டாவது குறிப்பே.

இதற்குக் காடு செல்ல வேண்டுவதில்லை. பள்ளி முற்றத்தில் ஈரமணலைப் பரப்பி மாலையில் விட்டுவைத்தால் காலையில் நாய், பூனை, காகம் ஆகியவற்றின் சுவடுகள் கிட்டும். சுவட்டைச் சுற்றி அட்டைத்தாளை வளையமாக நிறுத்தி, பாரிஸ் சாந்தை மோர்ப்பதமாய்க் கரைத்து ஊற்றி, நன்றாய் இறுகியபின் எடுக்க வேண்டும். தேதி, இடம், மண்ணின் நிலை மூன்றையும் அச்சின் முதுகில் உடனே பொறித்துவிடுதல் அவசியம். மறுநாளைக்கென்று விட்டால் எது எவ்விடத்தது என்பது மறந்துபோகும்.